தேநீரில் மிதக்கும் அரிசி

கனடாவின் யூனியன்வில்லில் ஒரு ஜப்பானியத் தேநீர்க்கடை. வெளியே பனி கொட்டுகிறது. சென்னையிலிருந்து வந்திருக்கும் நானும் மனைவியும் நடுங்கியபடி பச்சைத் தேநீர் வாங்கி உட்காருகிறோம். கெட்டிலின் மூடியைத் திறந்தால் இலையோடு அரிசி மிதக்கிறது.

"அரிசி களைஞ்ச பாத்திரத்துலயே டீ போட்டுட்டாங்க," என்கிறேன் மனைவியிடம், சத்தமாகவே. இங்கே யாருக்குத் தமிழ் புரியப்போகிறது?

கல்லாவில் நிற்கும் பெண் நிமிர்கிறார். "அது வறுத்த அரிசி, அண்ணை. ஜப்பான்காரர் தேத்தண்ணிக்குள்ள போடுறவை. பிடிக்கேல்லையெண்டால் மாத்தித் தாறன்."

மனைவி என்னை யாரென்றே தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வெட்கத்தோடு ஒரு வாய் குடிக்கிறேன். பொரி வாசனை, உடம்பெல்லாம் சூடு பரவுகிறது. முழுவதையும் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் அரிசியையும் கரண்டியால் அள்ளி மெல்லுகிறேன்.

"அண்ணை, உதுகளைச் சாப்பிடுறேல்லை," என்கிறார் அந்தப் பெண்.

மனைவி எழுந்து வேறு மேசைக்குப் போகிறாள்.