காத்தடிச்சதும் காலி ஆன ஆஸ்பத்திரி

போன வருசம் தீபாவளி சீசன் முடிஞ்ச மறு வாரம், சிவகாசிப் பக்கம் எங்க ஊரு ஆஸ்பத்திரியில நடந்தது இது.

எனக்குப் பிரஷர்னு மாத்திரை குடுத்திருந்தாங்க. மாசாமாசம் கையில பட்டையைச் சுத்திக் காத்தடிப்பாங்க. கூடியிருக்குன்னு மாத்திரையையும் கூட்டுவாங்க. மூணு தடவை கூட்டியாச்சு. வீட்டுலயோ எந்திரிச்சா தலை சுத்துது. ஒருநாள் அடுப்படியில விழுந்துட்டேன், கொதிக்கிற உலைக்கு ஒரு சாண் தள்ளி. இதைச் சொல்லிரணும்னு நினைச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் போவேன். டாக்டர் முகத்தைப் பாத்ததும் "சரிங்க"தான் வாயில வரும். உப்பைக் குறைச்சாச்சான்னு கேட்டாலும் சரிங்க, தூக்கம் வருதான்னு கேட்டாலும் சரிங்க.

அன்னைக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, வெளியூர்க்காரங்க. பட்டையைச் சுத்திக் காத்தடிச்சாங்க. பாதியில ரப்பர் குழாய் கழண்டு புஸ்ஸுன்னு சத்தம்.

அம்புட்டுதான், நான் எந்திரிச்சு ஓடிட்டேன். முப்பது வருசம் வெடிக் கம்பெனியில வேலை பாத்த உடம்பு. புஸ்ஸுன்னு கேட்டா கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடணும், திரும்பிப் பாக்கக் கூடாது, அதுதான் அங்க முதல் பாடம். சீட்டு வாங்கி வெளிய உக்காந்திருந்தவங்களும் கம்பெனி ஆளுகதான். ஒருத்தி ஓடி வந்தா என்ன ஏதுன்னு யாரு கேட்டுக்கிட்டு நிப்பா? மொத்தக் கூட்டமும் ஓடுச்சு. ஊசி போட உள்ள போன அண்ணாச்சி, வேட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தாரு. முட்டி வலின்னு ஆறு மாசமா ரெண்டு பேரு தாங்கலா நடந்த எங்க மதினி, எனக்கு முன்னாடியே வேப்பமரத்தடியில நின்னாங்க.

எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு நிக்கோம். ஒண்ணும் வெடிக்கல. டாக்டரம்மா மட்டும் தனியா வாசப்படியில நிக்காங்க. பட்டை இன்னும் என் கையில தொங்குது.

"ஏத்தா, எதுக்கு ஓடுன?" மதினி மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாங்க.

"நீங்க எதுக்கு மதினி ஓடுனீக?"

"நீ ஓடுன, நானும் ஓடுனேன்."

எனக்கு வெக்கத்துல அங்கன நிக்கவே முடியல. மரத்தடியில தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டேன். டாக்டரம்மா திட்டல. பக்கத்துல வந்து மண்ணுலயே உக்காந்து, "நீங்க என்ன வேலைம்மா பாத்தீங்க?"ன்னு கேட்டாங்க.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் வாய் தொறந்துச்சு. காத்தடிக்கும்போதெல்லாம் இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன்னு சொன்னேன். தலை சுத்துனது, உலைகிட்ட விழுந்தது, எல்லாத்தையும் சொன்னேன்.

கேட்டுட்டு, காத்தடிக்கிற ரப்பர் உருண்டையை என் கையிலயே குடுத்தாங்க. "இனிமே நீங்களே அடிங்க. வேண்டாம்னு தோணுனா நீங்களே நிறுத்திக்கலாம்"னாங்க. ஒரு வாரம் நர்சம்மா வீட்டுக்கே வந்தாங்க. நான் அடிப்பேன், அவங்க பாத்து எழுதுவாங்க. ஒரு தடவை கூடக் கூடல, ஆஸ்பத்திரியில பயத்துலதான் கூடிக் காட்டியிருக்கு. கூட்டுன மாத்திரையெல்லாம் டாக்டரம்மா ஒண்ணொண்ணாக் குறைச்சாங்க. தலை சுத்தலும் நின்னுச்சு.

மதினிதான் பாவம், ஓடுனதை டாக்டரம்மா பாத்துட்டாங்களேன்னு முட்டி வலிக்கு விருதுநகர் வரைக்கும் போய்ட்டு வாராங்க.

தினமும் உலை வைக்கும்போது நினைச்சுக்கிடுவேன், ஒரு டாக்டரம்மா மண்ணுல உக்காந்து என் வேலையைக் கேட்டதாலதான் இன்னைக்கு இந்த அடுப்பு முன்னால தைரியமா நிக்கேன்னு.