வீடு மட்டும் எங்களுடையது

டத்தோ கெராமட் சாலையை ஒட்டிய கம்பத்துக் குடியிருப்பில் அந்தப் பலகை வீட்டை வாங்கச் சொல்லி நச்சரித்தது நான்தான். என் வீட்டுக்காரர் டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இனி முடியாது என்று நான் அழுத பிறகே சம்மதித்தார். விற்றவர் கொடுத்த பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது.

மாதாமாதம் ஒருவர் வந்து பணம் வாங்கிக்கொண்டு ரசீது தருவார். வீட்டு வரி என்று நினைத்தோம். என் வீட்டுக்காரர் ஒரு ரசீதைக்கூடத் தொலைத்ததில்லை. "நாளைக்கு யாராச்சும் கேட்டா இதான் சாட்சி" என்பார்.

ஆறாவது வருடம், இரண்டு பேர் வந்து எங்கள் சமையலறைக்குப் பின்னால் சங்கிலி பிடித்து அளந்தார்கள். மறுவாரமே ஒரு வக்கீல் கடிதம். கடிதம், பத்திரம், ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வேறொரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தமிழ்க் கிராணியிடம் போனோம்.

நிதானமாகப் படித்துவிட்டு, "அண்ணே, வீடு உங்களுது. மண்ணு உங்களுது இல்ல" என்றார். "நிலத்துக்காரர் இப்ப வேற ஆளுக்கு வித்துட்டாரு. ஒரு மாசத்துல காலி பண்ணணும்."

"அப்ப நாங்க கட்டின வரி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது வரி இல்லண்ணே. நிலத்து வாடகை. நீங்க குடிக்கூலிக்கு இருக்கீங்கன்னு இந்த ரசீதே சொல்லுது."

விற்றவர் எங்களை ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவர்கிட்ட வீடு மட்டும்தான் இருந்துச்சு, அதை வித்தாரு. பத்திரப் பதிவு ஆபீசுல தேடிப் பார்த்திருந்தா நிலம் யார் பேர்லன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வேலைக்குப் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். லீவு நாட்களில் கூரைத் தகரத்தையும் பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் கீழே நின்று வாங்கி அடுக்கினேன். பாதிப் பலகை உளுத்திருந்தது.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. இந்த முறை கிராணியோடு போய், நிலம் யாருடையது என்று பதிவு ஆபீசில் தேடிப் பார்த்தார். விலைக்கு வாங்க வழியில்லை. பத்து வருடக் குத்தகையை எழுதிப் பதிவு செய்தோம். மிஞ்சிய பலகையில் அங்கே எழுப்பிய வீடு முன்னைவிடச் சிறியதாகிவிட்டது.

ஒரு நாள் மனசு தாங்காமல் கேட்டேன்: "உங்களுக்கு என் மேல கோபமே வரலியா?"

"வந்துச்சு" என்றார். "ஆனா கையெழுத்துப் போட்டது நான்தானே."

அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. குத்தகை முடியும் வருடம் மட்டும் எனக்கு மறந்ததே இல்லை.