இரு முனையும் ஆறு அங்குலம்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். தாளில் ஆறு அங்குலக் குழாய் என்று எழுதினால் மண்ணுக்குள்ளும் ஆறு அங்குலக் குழாய்தான் போகும் என்று நம்பிய மடையன். அதுவும் சாதாரண மடையன் இல்லை. வளைகுடாவில் அடுத்தவன் கட்டிய கோபுரங்களுக்கெல்லாம் தீயணைப்புக் குழாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, அந்த அட்டையோடே தூங்கி எழுந்த படித்த மடையன். படிக்காமல் இருந்திருந்தால் குழியை எட்டியாவது பார்த்திருப்பேன்.

ஊருக்குத் திரும்பி வந்த புதிதில், பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனி முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படகுக்காரர்களிடம் நண்டை வாங்கி, அவித்து, ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. சதை எடுப்பது முழுக்கப் பெண்கள். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. வளாகத்தின் கடைக்கோடியில், குளிர் தங்குவதற்காகக் கூரையிலும் சுவரிலும் தெர்மாகோல் பலகை பதித்த நீளக் கூடத்தில், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூடத்துக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அந்த வழியாக நண்டுச் சதை வெளியே போய்விடும் என்று பயந்து முதலாளி அதை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருந்தார். உள்ளே பெண்கள் இருக்கிறார்களே என்ற பயம் அவருக்கு வரவில்லை. அவர்களை டப்பாவில் அடைத்து விற்க முடியாதல்லவா.

தீயைப் பற்றியும் அவருக்குக் கவலை கிடையாது. வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவன் ஆள் அனுப்பிப் பார்ப்பானாம், தீயணைப்பு ஏற்பாடு இல்லையென்றால் வாங்கமாட்டானாம். கவலை அதுதான்.

"தம்பி, சும்மா சிக்கனமா, கண்ணுக்குத் தெரியிற மாதிரி செஞ்சு குடுத்துருங்க" என்றார்.

மண்ணுக்குள் போகிற குழாயைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எப்படிச் செய்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தொட்டியும் மோட்டாரும். அங்கிருந்து கூடம் வரைக்கும் மண்ணுக்கடியில் குழாய். அது முடிகிற இடத்தில் இரண்டு வாய்கள்: கூடத்துக் கூரையில் தொங்கி, சூடு ஏறினால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் வரிசை, ஹோஸ் மாட்டுவதற்காக வாசலில் நிற்கும் சிவப்பு ஹைட்ரண்ட். தீ பிடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கும். இரண்டின் பசியையும் கூட்டிக்கொண்டு, வருகிற வழியில் குழாயின் உரசலிலும் வளைவுகளிலும் எவ்வளவு அழுத்தம் செத்துப்போகும் என்று கழித்து, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு அங்குலம் வந்தது. அதைப் பாதியாக்கி மூன்று அங்குலம் போட்டால் உரசல் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய முப்பது மடங்கு ஆகும். இதை அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தேன். அடிக்கோடு போட்டால் படிப்பார்கள் என்பது என்னுடைய இன்னொரு நம்பிக்கை.

குழி வெட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழா என்றால் எங்கள் கரையில் படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் நண்டு இல்லை, நண்டு இல்லாவிட்டால் கம்பெனி இல்லை. அக்கா வேலைக்குப் போகவில்லை. நானும் குழியைக் குழியாகவே விட்டுவிட்டு வந்தேன். வளைகுடாவில் இருந்தபோது தவறவிட்ட திருவிழாக்கள் அத்தனைக்கும் சேர்த்துச் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டுக் கிளம்பி, முதல் தெருமுனையிலேயே தோள் வீங்கி, மிச்சத் தெருவெல்லாம் கிழவிகளோடு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பிப் போனால் குழியைக் காணோம். ஊரே கோயிலில் நின்ற நேரத்தில், முதலாளி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து குழாயைப் போட்டு மூடி, மேலே புல்லும் பதித்திருந்தார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற தீவில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் அறையில் குழாய் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைப் பார்த்தேன். ஆறு அங்குலம். கூடத்து வாசலில் மண்ணிலிருந்து ஏறுகிற இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஆறு அங்குலம். மனம் குளிர்ந்துபோனது. நான் இல்லாமலே வேலை இவ்வளவு சுத்தமாக நடக்கிறதே என்று முதலாளிக்குக் கைகொடுத்தேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றுகிறது.

கேட்டில் இன்னொரு அற்புதமும் முளைத்திருந்தது. ஒரு சிமெண்டு நண்டு. ஆட்டோ அளவுக்கு இருக்கும். இரண்டு கொடுக்கையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி, இரண்டிலிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் செக்கச்செவேல் என்று பெயிண்ட். உயிருள்ள நண்டுக்கு அந்த நிறம் கிடையாது, அவித்த பிறகுதான் வரும். செத்து வெந்த ஒரு பிராணி கையைத் தூக்கி வாடிக்கையாளரை வரவேற்கிறது. முதலாளியின் ரசனைக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. அந்த நீரூற்றுக்கும் தண்ணீர் என் தீயணைப்புக் குழாயிலிருந்துதான், மோட்டாரைத் தாண்டியவுடனேயே பிரித்து எடுத்தது.

சோதனை நாள் வந்தது. கூடத்து வாசலில் ஹைட்ரண்டில் அழுத்தமானியை மாட்டிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். முள் விறுவிறுவென்று ஏறி, நான் கேட்ட இடத்தையும் தாண்டி நின்றது. முதலாளி கைதட்டினார். வால்வு மூடியிருக்கிற வரைக்கும் ஆறு அங்குலக் குழாயும் இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவும் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும். தண்ணீர் ஓடினால்தானே உரசல். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த முள்ளைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன். மீசையும் அப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது.

டீ நேரம். அக்காவும் மற்றப் பெண்களும் கூடத்திலிருந்து வெளியே வந்தார்கள். அவர்கள் பார்க்கும்படியாக ஹோஸை மாட்டி, காலை அகட்டி வைத்து, நாசிலைத் தோளோடு அணைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. தொறந்தா ஆளையே தூக்கிட்டுப் போயிரும்."

"எங்கன தூக்கிட்டுப் போகும்?" என்றாள் அக்கா.

"தனுஷ்கோடிக்கு."

"பஸ்சு காசு மிச்சம். போயிட்டு வாலே."

வால்வைத் திறக்கச் சொன்னேன். தண்ணீர் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடியே ஹோஸ் தொய்ந்து, நாசிலிலிருந்து ஒரு சோம்பல் கம்பி வளைந்து வந்து என் ஷூவின் மேல் விழுந்தது. மூன்று வயதுப் பையன் இதைவிடத் தூரமாகப் போவான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, நாங்க வரிசையா நின்னு துப்பினாலே இதுக்கு மேல வருமே!" என்றாள் ஒருத்தி.

தூரத்தில் கேட்டருகே சிமெண்டு நண்டு மட்டும் கொஞ்சமும் குறையாமல் வானத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தீ பிடித்தால் எல்லாரும் ஓடிப்போய் அதன் கொடுக்குக்கு அடியில் நிற்கலாம். ஆனால் ஓடுவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துக்கொண்டே ஒரு தடவை, பூட்டிய பின்கதவு இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நான் முதலாளியிடம் போனேன்.

"மண்ணுக்குள்ள என்ன போட்டீங்க?"

அவர் ஒளிக்கவேயில்லை. பெருமையாகவே சொன்னார். "ரெண்டு முனையிலயும் நீங்க சொன்ன ஆறு. நடுவுல மூணு. உள்ள போறதும் ஆறு, வெளிய வாரதும் ஆறு. நடுவுல எப்படி இருந்தா என்ன தம்பி?"

பாம்பன் பாலத்தைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். "பாலத்துக்கு இந்தப் பக்கமும் நல்ல ரோடு, அந்தப் பக்கமும் நல்ல ரோடு. நடுவுல பாலத்து மேல காரை நிறுத்திட்டு நாலு பேரு செல்பி எடுக்கிறான். நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?"

"அதுக்குத்தான் போலீசுகாரன் நிக்கிறான்ல. நீங்களும் பெரிய மோட்டாராப் போட்டுத் தள்ளுங்க."

இந்த மனிதரோடு பேசுவதற்காக நான் பொறியியல் படித்திருக்கிறேன்.

"சரி, அந்தப் பின்கதவையாவது தொறந்து வைங்க."

"நண்டு போயிரும் தம்பி."

பிறகு குரலை இறக்கினார். வெளிநாட்டுக்காரனின் ஆள் வரப்போகிறானாம். அவன் பார்க்கப்போவது முள்ளைத்தானாம், வால்வைத் திறக்கச் சொல்லமாட்டானாம். எல்லாம் சரி என்று என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. புல்லைத் தோண்டுகிற பேச்சை எடுத்தால் கம்பெனியைக் கொஞ்ச நாள் மூட வேண்டியிருக்கும், மூடினால் முதலில் யாரை நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும். "உங்க அக்கா நல்லா வேலை பாக்குற பொம்பள" என்றார், கேட்காமலே.

டீ நேரம் முடிந்து பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் ஈர ஷூவோடு நின்று பேச ஆரம்பித்தேன். உரசலிலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் தலைக்கு மேல் தொங்குகிற ஸ்பிரிங்ளர் வெறும் அலங்காரம் என்றேன். கையெழுத்துப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, உன் வேலை போய்விடுமே, மற்றவர்கள் வேலையும் போய்விடுமே, ஆனால் தீ என்று ஒன்று வந்தால், வராமலும் இருக்கலாம், யோசித்தால் அவர் பக்கமும் ஒரு கஷ்டம் இருக்கிறது, என்று இரண்டு கரைக்கும் படகு விட்டேன். அசிங்கத்தை மறைப்பானேன்? 'நமக்கெல்லாம் எங்கலே தீ வரப்போகுது, போட்டுட்டுப் போ' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால், அந்தக் கையெழுத்தை அவள் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவனாக வீட்டுக்குப் போகலாம். கூடத்துக்குள்ளே உட்காரப்போகிறவளிடம் வெளியே நிற்கிறவன் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளியைவிடக் கேவலமான ஒருத்தன் அந்த வளாகத்தில் இருந்தான் என்றால் அது அந்த நேரத்து நான்தான். அவராவது யாரையும் கேட்காமல் செய்தார்.

"நீயே சொல்லுக்கா, நான் என்ன செய்ய?" என்று முடித்தேன்.

அக்கா கையை உதறினாள். தொப்பியை இழுத்துக் காது மூட மாட்டிக்கொண்டு, குழாயை மூடிய புல்லைப் பார்த்தாள்.

"மம்பட்டி அந்தச் செவரோரம் கெடக்கு, எடு."