லைல் உடைத்த வளையம்

லைல் ஹோகன்சன், ஓரின் ட்வைட்டுக்கு முன்னூறு டாலர் தரவேண்டியிருந்தது. ஏழு டைகளைச் சீராக்கிக் கொடுத்த கூலி அது.

கைத்துப்பாக்கியில் சுட்டதும் தோட்டாவின் பித்தளைக் கூடு வீங்கிவிடும். மறுபடி தோட்டா கட்ட, அதை நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிற அச்சுதான் டை. அதன் உட்சுவரில் ஒரு மணல் கீறல் இருந்தாலும் போதும், நுழைகிற கூட்டுக்கெல்லாம் கோடு விழும். ஓரின் குச்சியில் கம்பளியைச் சுற்றி, வைரத்தூள் பசை தடவி, கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டுக் கண்ணாடியாக்கிவிடுவான். எட்டாம் வகுப்பு தாண்டாத கை. மொன்டானாவில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அதற்கு ஈடு கிடையாது. அதை அவனே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். சொன்னால் என்ன, உண்மைதானே.

லைல் காசு தராததோடு நிற்கவில்லை. ஓரின் கிழவன் சீராக்கிக் கொடுத்த டை, உள்ளே கார்பைட் வளையம் வச்சது, முதல் நாளே விண்டுபோச்சு, கை நடுங்குது அவனுக்கு என்று மதுக்கடையில் பேசினான். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஓரினிடம் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி வாங்கிப்போனார்கள். பெயர் போனால் அவனுக்கு அடுப்பு எரியாது.

நேரே லைலின் கொட்டகைக்குப் போனான். உடைந்த டையைக் காட்டு என்றான். லைல், டை மாட்டிக் கூட்டை நெரிக்கிற பிரஸ்ஸின் இரும்புப் பிடியைக் கழற்றி வீசினான். தடுத்த ஓரினின் வலக்கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. ஓரின் பின்வாங்குகிற ஆளா? நெற்றியால் முட்டினான், லைலின் மூக்கு நொறுங்கியது. மேசை சாய, கூடுகள் சிதறின. லைல் ஓரினைக் கீழே தள்ளி, அவன்மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். ஓரின் அவன் காதைக் கடித்துத் தொங்கினான்.

சத்தம் கேட்டு வந்த லைலின் அக்கா வெர்னா, இரும்பு வாளியால் தம்பியின் முதுகில் இரண்டு போட்டாள். அப்போதுதான் கையை எடுத்தான்.

ஓரின் கழுத்தைத் தடவியபடி எழுந்தான். கவிழ்ந்து கிடந்த பிரஸ்ஸை விரலால் காட்டினான். கூட்டின் அடியைப் பிடிக்கிற தட்டில் வட்டமாக ஒரு புதுத் தழும்பு மின்னியது. தோட்டா கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள் வெர்னா, மதுக்கடைப் பேச்சும் அவள் காதுக்கு எட்டியிருந்தது, பார்த்ததும் புரிந்துவிட்டது.

“டையைத் தட்டுல முட்டுற வரைக்கும் இறக்கினியாடா?”

“முட்டினதும் இன்னும் கொஞ்சம் திருகணும்னு அப்பாதானே சொன்னாரு.”

“அது எஃகு டைக்குடா, முட்டாளே. கார்பைடுன்னா ஒரு காகிதம் நுழையுற இடம் விடணும். முட்டினா விண்டுதான் போகும். உடைச்சது நீ. பழி மட்டும் இந்தப் பெருசுக்கா?”

லைல் மூக்கைப் பொத்திக்கொண்டு, காசை அப்புறம் தருகிறேன் என்று முனகினான். வெர்னா வாளியை மறுபடி தூக்கினாள்.

“இப்பவே எடு. சாயங்காலம் மதுக்கடைக்கு நானும் வரேன். அங்க உன் வாயாலேயே சொல்லணும்.”

ஓரின் முறிந்த வலக்கையையே நீட்டினான். இரண்டு விரல்கள் கோணிக் கிடக்க, உள்ளங்கை விரிந்திருந்தது. லைல் ரத்தக் கறை படிந்த இருபது டாலர் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தான், பதினைந்தாவது வரைக்கும்.