பெட்டிக்கு ஒரு கைப்பிடி

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தராசின் சிவப்பு எண்: 5.180.

என் தங்கை கையிலிருந்த பட்டியலில் பெட்டிக்கு ஐந்து கிலோ என்றிருந்தது. இருபத்து நான்கு தெர்மாகோல் பெட்டிகள், எல்லாம் மல்லிகை மொட்டு. சங்கரன்கோவில் பூச்சந்தையில் ஒன்பது வருடம் அடுத்தவர் கடைக்கு பில் எழுதியவள், தன் பெயரில் ஏற்றுமதி உரிமம் வாங்கி ஷார்ஜாவுக்கு அனுப்பும் முதல் சரக்கு. திருவனந்தபுரத்தில் மதியத்துக்கு மேல் விமானம். வேன் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். சுங்கத்தில் பெட்டியும் காகிதமும் ஒத்துப்போகாவிட்டால் சரக்கு நிற்கும். நின்றால் மொட்டு பெட்டிக்குள்ளேயே விரிந்துவிடும். வாங்குபவர், ஒரு தடவை அனுப்புங்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

காலிப் பெட்டியின் எடையைக் கழித்த பிறகும் நூற்றெண்பது கிராம் அதிகம். அடுத்த பெட்டி 5.165. பூ நிரப்பிக்கொண்டிருந்த மதினியைத் தங்கை பார்த்தாள். உறவு இல்லை, சந்தையில் எல்லோருக்கும் அவர் மதினி.

"ஆமா, நாந்தான் போட்டேன். பொட்டிக்கு ஒரு கைப்பிடி. ஏட்டி, கொசுறு இல்லாம யாருக்குப் பூ குடுத்திருக்கோம்?"

"மதினி, இது பஸ்ஸ்டாண்டு யாவாரம் இல்ல. பேப்பர்ல உள்ளதுதான் பொட்டியில இருக்கணும்."

"அப்ப பேப்பர மாத்து. போட்ட பூவ அள்ளச் சொல்லாத. மொத யாவாரம்."

எல்லாப் பெட்டிக்கும் சராசரி போட்டுவிடலாமே என்று நான் இடையில் புகுந்தேன். மதினி சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நியூஸ் பேப்பர்லயும் இப்படித்தான் போட்டியளாக்கும்?"

தங்கை சிரிக்கவில்லை. விமான நிலையத்தில் தாக்கல் செய்யும் ஏஜெண்டை அழைத்து, "பேப்பர இன்னும் சிஸ்டத்துல ஏத்தலையே? அரைமணி நேரம் ஏத்தாதீங்க" என்றாள். கவிழ்த்த பூக்கூடை மேல் லேப்டாப்பை வைத்தாள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பூவில் பூச்சி இல்லை என்று சான்று கேட்கும் விண்ணப்பம், மூன்றிலும் எடை மாற வேண்டும். எந்தக் காகிதம் எதைச் சாட்சிக்கு இழுக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். நான் தராசைப் பார்த்துச் சொல்ல, அவள் அடித்தாள்.

பதினேழாவது பெட்டிக்கு "அஞ்சு, நூத்தி இருபது" என்றேன்.

விரல் நின்றது. "திரும்பப் பாருங்கண்ணே. மதினி கை நூத்தம்பதுக்குக் கொறையாது."

பார்த்தேன். 5.210.

இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் அடுத்தவர்களின் எண்களைத் திருத்தியவன் நான். என் பிழையை இன்னொருவர் பிடித்ததில் எனக்கு இவ்வளவு பெருமை அதற்கு முன் வந்ததில்லை. மதினிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தன் கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வேன் ஆறு முப்பத்தெட்டுக்குக் கிளம்பியது. தங்கை முன்சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, காகிதங்களை மடியில் வைத்திருந்தாள். கையசைக்க அவளுக்கு நேரமில்லை.

பன்னிரண்டரைக்கு போன் வந்தது. சுங்க அதிகாரி நான்காம் பெட்டியையும் பதினொன்றாம் பெட்டியையும் எடுத்து எடை போட்டிருக்கிறார். இரண்டும் பட்டியலோடு கிராம் பிசகாமல் ஒத்திருந்தன. "மதினிட்டச் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டாள்.

போய்ச் சொன்னேன். மதினி யாருக்கோ கால்கிலோ நிறுத்துக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டு, அந்தப் பையில் ஒரு கைப்பிடியை அள்ளிப் போட்டார்.

விமானத்தில் ஏறிய பூவின் எடை 124.36 கிலோ.