பெஞ்சமினின் இடது கை

பெஞ்சமினின் இடது முன்கையை அறுபத்தோராயிரம் பேருக்குத் தெரியும். அவன் முகத்தை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

செங்கல்பட்டு பஜாரில் ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழையும் பெண்கள் போனை நீட்டி, "அண்ணன் கையில மேலருந்து மூணாவது கோடு கீதே, அந்தக் கலரு குடுங்க" என்று லிப்ஸ்டிக் கேட்கிறார்கள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார். அந்த அண்ணன் கடை வாசலில் வேனை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் எப்படித் தெரியும்?

அவன் ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவன். செங்கல்பட்டிலும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்பேட்டை வாசலில் இறக்கிவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் அதே ஆட்களைத் தூங்கிய நிலையில் திரும்ப ஏற்றிவர வேண்டும். அப்பா காலம் வரை அந்த வீட்டுக் கைகள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டன. பெஞ்சமினின் வலது கை ஸ்டியரிங் பிடிக்கிறது. இடது கை ஷோ பிசினஸில் இருக்கிறது.

அதற்குக் காரணம் அவன் மனைவி பிரிசில்லா. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கடையில் வரும் மேக்கப் சாமான்களைப் பூசிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் சேனல் ஒன்றைத் தொடங்கினாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பிரஷ். நிறத்தைக் கோடு போட்டுக் காட்ட மூன்றாவது கை தேவைப்பட்டது.

"அதுக்குத்தான கட்டிகினேன்" என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்து இழுத்தாள். அப்படித் தொடங்கியதுதான்.

மூன்று வருடங்களில் பெஞ்சமினுக்கு அந்தக் கைமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வாரம் ஒருமுறை ஷேவ் செய்கிறான். கொசு கடித்தால் இடது கை என்றால் பதறுகிறான், வலது கை என்றால் சொறிந்துகொள்கிறான். ரத்த தான முகாமில் வலது கையைத்தான் நீட்டுகிறான். வெயில் படாமல் துணி உறை வேறு. வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஜன்னல் பக்கத்து வலது கை வெயிலில் கறுத்துப்போகும். கியர் பக்கத்து இடது கை கொஞ்சம் தப்பிக்கும். அந்த மிச்சத்தைத்தான் அவன் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், கைக்கு இன்ஷூரன்ஸ் போட்டுட்டியா?" என்பான் அடுத்த வேன் ஓட்டும் கண்ணாயிரம்.

"பொறாமப்படாத. உன் கைய யாருனா கேட்டாங்களா?"

"என் கைய போலீஸ்காரன் கேட்டான். லைசென்ஸ நீட்ட சொன்னான்."

தொழிற்பேட்டை வாசலில் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் போனில் விளையாடுவது 'அக்னி அரீனா' என்ற விளையாட்டு. அதில் ஒரு தீவு; தீவு நிறைய எதிரிகள்; சுட்டுக்கொண்டே போக வேண்டும். நமக்குப் பிடித்த மாதிரி ஓர் ஆளைச் செய்துகொள்ளலாம். பெஞ்சமின் செய்துவைத்திருந்த ஆளுக்கு அவனுடைய நிறம், அவனுடைய மீசை, அவனுக்கு இல்லாத தோள்.

அந்த விளையாட்டின் பெயரில் ஒரு மேக்கப் செட் வந்து, அது பிரிசில்லா வீட்டுக் கதவையே தட்டும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

பெட்டி புதையல் பேழை மாதிரி இருந்தது. திறந்தால் உறுமியது. லிப்ஸ்டிக்குகள் துப்பாக்கிக் குண்டு வடிவம். மேக்கப் கலையாமல் நிற்க முகத்தில் அடிக்கும் ஸ்பிரே, விளையாட்டில் வரும் பச்சை மருந்து பாட்டில் வடிவம்.

"இது எனக்கு தெரியும்" என்றான் பெஞ்சமின், கோயில் பிரசாதத்தை வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையாலும் வாங்கி. "இத குடிச்சா உயிர் ஏறும்."

"மூஞ்சில அடிச்சா இன்னா ஏறும்?"

"மூஞ்சி எட்டு மணி நேரம் நிக்கும்னு போட்டுகீது."

"இப்போ மட்டும் வுழுந்துட்டா கீது?"

கண்ணுக்குப் பூசும் வண்ணங்கள் பன்னிரண்டு. அதில் இரண்டு, குட்டிப் பூட்டு போட்ட மூடிக்குள் இருந்தன. பூட்டைத் திறக்கும் எண் வேண்டுமென்றால் விளையாட்டைப் பதிவிறக்கி ஏழாவது கட்டத்தைத் தாண்ட வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. கல்யாணப் பெண்ணை மணையில் உட்கார வைத்துவிட்டு இவள் எப்போது ஏழாவது கட்டம் தாண்டுவது? நல்லவேளை, பெஞ்சமின் எப்போதோ தாண்டியிருந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணைப் போட்டுத் திறந்தான். உள்ளே இருந்த இரண்டும் சந்தன நிறம். பூட்டாத பக்கத்திலேயே சந்தன நிறம் நான்கு இருந்தது.

கடைசியாக முகப்பூச்சு. மூன்று டியூப். சீல் வைத்து, மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டில் நடக்கும் அறிமுக விழாவில் பிரிசில்லா மேடையேறித்தான் உடைக்க வேண்டும் என்று குறிப்பு. வெளுப்பானதற்குப் பெயர் 'ஈஸி'. மாநிறத்துக்கு 'நார்மல்'. மூன்றாவது 'ஹார்ட்'.

"இன்னாயா பேரு இது?"

"கேம்ல அப்டித்தான் இருக்கும் பிரிசி. ஈஸின்னா சுலபமா ஜெயிச்சிரலாம். ஹார்டுன்னா அடிவாங்கிகினே போவணும்."

"அப்போ கறுப்பா இருந்தா கஷ்டம்னு சொல்றான்."

"இவன் இன்னா புதுசா சொல்லிட்டான்" என்றான் பெஞ்சமின்.

லிப்ஸ்டிக்குகளை மட்டும் அன்று மாலை மொட்டை மாடியில் அவன் கையில் கோடு போட்டுப் படம் பிடித்து, விளம்பர ஏஜென்சியின் கீர்த்தனாவுக்கு அனுப்பினாள். ஏழு கோடுகளில் 'பாஸ் ஃபைட்' என்ற அடர்சிவப்பு, பார்க்கவே அதட்டுகிற மாதிரி இருந்தது.

கீர்த்தனா சென்னைப் பெண். கெட்ட செய்தியைக்கூடப் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சொல்வாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அக்கா, சூப்பர் அக்கா. செம கன்டென்ட். ஒரே ஒரு சின்ன ஃபீட்பேக். அண்ணாவோட கை இருக்குல்ல, அதுல ப்ராடக்ட் பாப் ஆகலைன்னு கிளையன்ட் ஃபீல் பண்றாங்க."

"பாப் ஆவலன்னா?"

"எடுப்பா தெரியலையாம். மேடையில நாங்களே ஒரு ஹேண்ட் மாடல் தர்றோம். நீங்க வந்து கோடு போட்டா போதும். அண்ணா ஜாலியா ரெஸ்ட் எடுக்கட்டும்."

பெஞ்சமின் ஏழு கோடுகளோடு கையை நீட்டியபடியே நின்றிருந்தான். பிரிசில்லா அவனைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பேழையைப் பார்த்தாள். மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கு அவள் கல்யாண வேலையாகப் பல முறை போயிருக்கிறாள். எப்போதும் பின்வாசல், சமையல் சாமான் இறங்கும் வழி. இந்த முறை முன்வாசல். மேடை. மைக்.

"சரிம்மா" என்றாள்.

போனை வைத்துவிட்டு லிப்ஸ்டிக்குகளைப் பேழைக்குள் அடுக்கினாள்.

"ஒரு நாளுக்குத்தானய்யா."

"நா இன்னா சொன்னேன்? என் கை ரெஸ்ட் எடுக்கட்டும்."

கீழே போய்க் கழுவினான். ஆறு கோடு போனது. 'பாஸ் ஃபைட்' போகவில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் பார்த்தாயிற்று. விழா நாள் வரை அந்தச் சிவப்புக் கோட்டோடுதான் வேன் ஓட்டினான். இந்த ஒரு நாள் மேடையில் வேறு கை நன்றாக இருந்துவிட்டால் அடுத்த வாரமும் அதே கைதான் என்பது அவனுக்குத் தெரியும். டிரைவர் லீவு போட்ட அன்று வேனை எடுத்த ஆள் பிறகு சாவியைத் திருப்பித் தந்த கதை அவன் கேள்விப்பட்டதில்லை.

விழாவன்று திருக்கழுக்குன்றம் வழியாக அவனேதான் அவளை அழைத்துப்போனான். ரிசார்ட்டில் பிரிசில்லா முன்வாசலில் இறங்கினாள். காவலாளி பெஞ்சமினை டிரைவர்கள் நிற்கும் இடத்துக்குப் போகச் சொன்னான். சவுக்குத் தோப்புப் பக்கம்.

உள்ளே கடற்கரைப் புல்வெளியில் தீவு ஒன்றைத் தெர்மாகோலில் செய்துவைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த மேக்கப் பிரபலங்கள் பிளாஸ்டிக் கவசம், வாள் சகிதம் நின்றார்கள். உப்புக் காற்றிலும் மதிய வெயிலிலும் கவசத்துக்குள் வேர்த்து வழிந்து, எட்டு மணி நேரம் நிற்க வேண்டிய முகங்கள் சாப்பாட்டுக்கு முன்பே கழுத்துக்கு இறங்கியிருந்தன. மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் விளையாட்டில் வருகிற மாதிரி பச்சையாக ஓர் உயிர்க்கோடு. நேரலையில் பார்க்கிறவர்கள் இதயம் அனுப்பினால் ஏறும், அழுமூஞ்சி அனுப்பினால் இறங்கும். யோசனை கீர்த்தனாவுடையது. அழுமூஞ்சியை யார் அனுப்பப்போகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

பிரிசில்லா தன் போனை ஸ்டாண்டில் நிறுத்திச் சேனலில் நேரலை போட்டாள். ஹேண்ட் மாடல் பெண் கையை நீட்டினாள். பால்கோவா மாதிரி கை. அதன்மேல் எதைப் பூசினாலும் எடுப்பாகத்தான் இருந்தது. கரியைப் பூசினாலும் இருந்திருக்கும்.

"வணக்கம் அக்கா தங்கச்சிங்களா" என்று முதல் கோட்டைப் போட்டாள்.

திரையில் கேள்விகள் ஓடத் தொடங்கின. இது யாரு கை? அண்ணன் கை எங்க? பிரிசில்லா இரண்டாவது கோட்டைப் போட்டாள். அண்ணனுக்கு இன்னா ஆச்சு? அண்ணன் டிரைவர் ஆச்சே. ஆக்சிடென்டா? யாரோ ஒருத்தி, ஜிஎஸ்டி ரோட்டில் காலையில் ஒரு வேன் நின்றிருந்ததைப் பார்த்ததாக எழுதினாள். அடுத்தவள் அது லாரி மோதிய வேன் என்றாள். மூன்றாமவள் கையை எடுத்துவிட்டார்கள் என்றாள். மூன்றாவது கோடு முடிவதற்குள் பெஞ்சமினுக்கு இடது கை போய்விட்டது. மறைமலைநகரிலிருந்து மதுராந்தகம் வரை அழுமூஞ்சிகள் கொட்டின. உயிர்க்கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, துடிக்க ஆரம்பித்தது.

சவுக்குத் தோப்பில் பெஞ்சமினின் போன் அடித்தது. கண்ணாயிரம்.

"மச்சான். கை கீதா?"

"எந்தக் கை?"

"இடது. போச்சுன்றாங்கடா. உங்க சர்ச் ரெஜினா சிஸ்டர் ஜெபக் குழுல போட்டுட்டாங்க, எல்லாரும் முட்டி போட்டுகினுகீறாங்க."

"நா போன அதுலதான்டா புடிச்சிகினுகீறேன்."

"நல்லா பாத்து சொல்லு."

பெஞ்சமின் பார்த்தான். இருந்தது. சிவப்புக் கோடும் இருந்தது.

அப்போதுதான் கீர்த்தனா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடிவந்தாள். "அண்ணா, ப்ளீஸ் அண்ணா, உடனே உங்க கைய கொண்டு வாங்க."

"நானும் வரணுமா, கை மட்டும் போதுமா?"

"அண்ணா..."

"அதுக்குத்தான் ரெஸ்ட் குடுத்தீங்களேம்மா."

இருந்தாலும் போனான். காவலாளி முன்வாசல் வழியாகவே விட்டான். மேடை ஏறி, பிரிசில்லாவின் பக்கத்தில் நின்று, சட்டைக் கையை மடித்து நீட்டினான். பால்கோவாக் கை நகர்ந்துகொண்டது.

"அண்ணன் கீறாரு" என்றாள் பிரிசில்லா கேமராவிடம். "நல்லா கீறாரு. இந்தா பாருங்க, பத்து நாளு முன்னாடி போட்ட 'பாஸ் ஃபைட்'. பாத்திரம் தேய்க்கிற நாருக்கே போவல. லிப்ஸ்டிக் தாராளமா வாங்கலாம்."

இதயங்கள் பொங்கின. கோடு பச்சைக்கு ஏறியது. கீர்த்தனா மூச்சு விட்டாள். மைக் பிடித்திருந்தவர் அந்தச் சந்தோஷத்தில் முகப்பூச்சின் சீலை உடைக்கச் சொன்னார். பிரிசில்லா மூன்றாவது டியூபை, 'ஹார்ட்'டை எடுத்து, கணவன் கையில் இழுத்தாள். சுவரில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி இருந்தது.

"தேய்ச்சா ப்ளெண்ட் ஆயிடும் அக்கா" என்று கீழேயிருந்து கீர்த்தனா மெதுவாகச் சொன்னாள்.

தேய்த்தாள். கை முழுக்கச் சுண்ணாம்பானது.

மேடையில் நிற்கிறோம், பக்கத்தில் மைக் இருக்கிறது, அடுத்த முறையும் கூப்பிடுவார்கள். பிரிசில்லாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை சொல்லி டியூபை மூடியிருக்கலாம். சுண்ணாம்புக்குள்ளும் தெரிந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"அந்தக் கையையும் நீட்டுய்யா" என்றாள்.

மூன்று வருடங்களில் வலது கையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீட்டினான். அதிலும் பூசினாள். இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஒரே ஆளுதான். ஜன்னல் பக்கம் ஒரு கலரு, கியர் பக்கம் ஒரு கலரு. ரெண்டுக்குமே இந்த டப்பாவுல ஒண்ணும் இல்ல. நமக்கு இது வேணாம். வாங்காதீங்க."

மைக் பிடித்தவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "சார், ஹார்டுக்கு மேல கேம்லயே எதுவும் கிடையாதே?"

"கலரு கீதே" என்றான் பெஞ்சமின். "கேம்ல நாப்பது கலரு கீது. நா வெச்சிகினுகீற ஆளு என் கலருதான். சுடுறதுக்கு கலரு குடுத்துட்டாங்க, பூசறதுக்குத்தான் இல்ல."

கீர்த்தனா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் உயிர்க்கோடு முழுப் பச்சையாக, ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. யாரோ பின்னாலிருந்து அவளுக்குக் கட்டைவிரலைக் காட்டினார்கள். கிளையன்ட். என்ன சொன்னார்கள் என்பது அவர் காதில் விழவில்லை. கோடு ஏறியது கண்ணில் பட்டிருந்தது.

திரும்பும் வழியில் பிரிசில்லா ஈரத் துணியை எடுத்து அவன் இடது கையைத் துடைத்தாள். கியர் மாற்றும்போதெல்லாம் விட்டு, மறுபடி பிடித்துத் துடைத்தாள்.

"வலது கை இனிமே சும்மா வராது" என்றான்.

"பிரியாணி வாங்கித் தரேன். மூடிகினு ரோட்ட பாரு."

முகப்பூச்சில் நான்காவது நிறம் ஒன்று தயாராகிவிட்டதாகக் கீர்த்தனா போன வாரம் அழைத்துச் சொன்னாள். அதன் பெயர் 'எக்ஸ்ட்ரா ஹார்ட்'. வெள்ளிக்கிழமை மதியம் மொட்டை மாடியில் அதைப் பூசிப் பார்க்கிறார்கள். மதியம் இரண்டு கையோடும் வீட்டில் இருக்க, பெஞ்சமின் அன்று காலை ஷிஃப்டைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.