பொரித்திருந்தால் குற்றமில்லை

ஆட்டு ஈரலைப் பச்சையாக நறுக்கும்போது ஒரு வாடை எழும். கறிக்கடையில் அது மூக்கில் ஏறினால் போதும், கொடைக்கானலின் மூடுபனி வந்து என் கண்ணை மறைத்துவிடும்.

எழுபதுகளின் கடைசி. அக்கா ஒரு மிஷன் விடுதியில் சமையல் செய்தாள். நான் வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் விடுதிக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் ஓடையில் தூண்டில் போட்டுப் பிடித்த டிரவுட் மீன்களை வாளியோடு கொடுத்து, பொரிக்கச் சொன்னார். அடியில் விரல் நீளத்தில் ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. எண்ணெய்க்குக்கூடக் கட்டுப்படியாகாது என்று அக்கா அதை ஒதுக்கினாள். ஊர் திரும்பிய வெள்ளைக்கார டீச்சர் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி அதற்கு வீடாயிற்று.

அக்கா நறுக்கிப் போட்ட ஆட்டு ஈரலைத் தின்று மீன் ஒரு சாண் வளர்ந்தது. விலாவில், சாயங்காலத்தைத் தொட்டுத் தேய்த்த மாதிரி ஓர் இளஞ்சிவப்புக் கோடு. அதற்குச் சூடு ஆகாது. ஊரே விறகு மூட்டிக் குளிர்காய, எங்கள் வீட்டில் மார்கழியிலும் ஜன்னல் திறந்தே கிடந்தது. புருஷன் போன பிறகு யாரோடும் பேசாத அக்கா அதனோடு பேசினாள், என்னிடம் பேசுவதைவிட மரியாதையாக.

அதற்குள் சட்டத்துக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மீன்துறையிலிருந்து, மலையடிவாரத்துக் கன்னிவாடிக்காரர் ஒருவர் மப்ளருக்குள் நடுங்கியபடி வந்தார்.

"இது வெளிநாட்டு மீனுங்கம்மா. மத்த மீனத் தின்னுபுடும். உசிரோட வீட்ல வைக்கப்படாது."

"தொட்டியில இது ஒண்ணுதான கெடக்கு. யாரத் திங்கும், இவனையா?" அக்கா என்னைக் காட்டினாள்.

"ரூல்ஸுங்கம்மா."

"அன்னைக்கே பொரிச்சிருந்தா?"

"அது தப்பில்லங்க. பிடிச்சவருக்கு லைசென்ஸ் இருக்குல்ல."

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"ஓடையில விட்ருங்க."

ஓடையில்தான் குஞ்சும் குளுவானுமாக மற்ற மீன்கள் இருந்தன. கொலைகாரன் தனிச்சிறையில் இருந்தால் ஆபத்து, பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துவிட்டால் சட்டம் நிம்மதியாகத் தூங்கும். அந்த ஓடையில் டிரவுட்டை முதலில் கொண்டுவந்து கொட்டியதே சர்க்கார்தான் என்று காப்பியை உறிஞ்சியபடி அவரே பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். சாட்சிக்கு அவரும் வந்தார். அக்கா வாளியைச் சாய்த்தாள். மீன் போகவில்லை. அவளுடைய விரலைச் சுற்றிச் சுற்றி வந்து ஈரல் தேடியது. எதிர்க்கரையில் தொப்பி வைத்த ஒருவர் ஏற்கெனவே தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். மீன்துறைக்காரர் அவருக்கு வணக்கம் வைத்தார்.

அக்கா தண்ணீரை ஓங்கி அடித்தாள். மீன் ஒரு முழம் விலகி, நின்று, திரும்பிப் பார்த்தது. அவள் குனிந்து சொன்னாள்:

"ஏலே, வெரசா போயிரு. யாரு எதக் காட்டிக் கூப்பிட்டாலும் கிட்டப் போவாத. லைசென்ஸ் வச்சிருந்தாலும் போவாத."